கைப்பேசியில் உள்ள வசதிகளும் அவற்றை அடைக்கும் பூட்டுகளும்

கைப்பேசி ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறவர் அதனுள் அமைந்த எல்லாப் பகுதிகளையும் சேர்த்தே வாங்குகிறார். பேசுவதற்குரிய பகுதி, படம் பிடிக்கும் பகுதி, இருப்பிடம் அறியும் பகுதி, பக்கத்திலுள்ள கருவியோடு கம்பியின்றிச் செய்தி பரிமாறும் புளூடூத் பகுதி ஆகியவையும், பல கருவிகளில் பண்பலை ரேடியோ ஏற்பியும் அந்த விலைக்குள் அடக்கம். ஆயினும் இவை அனைத்தும் வாங்கியவர் விருப்பப்படி இயங்குமா என்பது வேறு விஷயம். பகுதி உள்ளே இருக்கும். அதற்கு மின்சாரமும் கிடைக்கும். ஆனால் அதை இயக்கும் மென்பொருளில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டிருப்பதால் அது பயனற்றுக் கிடக்கும். இம்மாற்றத்தைச் செய்யச் சொன்னவர் பெரும்பாலும் கருவியைத் தயாரித்தவர் அல்லர். தொலைபேசிச் சேவையை நடத்தும் கம்பெனியே அவ்வாறு கேட்டுப் பெற்றிருக்கும். அக்கம்பெனிக்கு இதைச் செய்ய உரிமை உண்டா என்னும் கேள்வி, கைப்பேசி தோன்றுவதற்கு முன்பிருந்தே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது.

நம் களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். பயிரில் கண்ட நோயைப் படம் பிடித்து அலுவலகக் கணினிக்கு மாற்றுவதும், இணைய வசதி இல்லாத பள்ளியில் கைப்பேசியின் தொடர்பைக் கணினியோடு பகிர்ந்து பாடம் காட்டுவதும், புயலில் கோபுரங்கள் செயலற்றுப் போன இரவில் எச்சரிக்கையைக் கேட்பதும் இத்தகைய வசதிகளாலேயே ஆகின்றன. இம்மூன்றும் எங்கேனும் ஒரு காலத்தில், அவற்றுக்குரிய கருவியை வாங்கியவருக்கே மறுக்கப்பட்டவை.

மேசையின் மறுபுறம் போக முடியாத படம்

2004-ஆம் ஆண்டில் மோட்டரோலா கம்பெனி தயாரித்த வி-710 என்னும் கைப்பேசியை, அமெரிக்காவின் பெருங் கம்பெனிகளுள் ஒன்றாகிய வெரைசான் வயர்லெஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் படம் பிடிக்கும் வசதியும் புளூடூத் வசதியும் இருந்தன. ஆகவே, பிடித்த படத்தைத் தம் கணினிக்குப் புளூடூத் வழியே அனுப்பலாம் என்றும், கணினியில் உள்ள முகவரிப் பட்டியலைக் கைப்பேசிக்குக் கொண்டுவரலாம் என்றும் வாங்கியவர்கள் எண்ணினார்கள். காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக் கருவி புளூடூத் வழியே நன்கு வேலை செய்தது. கோப்புகளை அனுப்பும் வழி மட்டும் அடைபட்டிருந்தது. படத்தை வெளியே எடுக்க விரும்பினால் கம்பெனியின் சேவை வழியே கட்டணம் செலுத்தி அனுப்ப வேண்டும்; இல்லாவிடில், கருவியிலிருந்து நினைவு அட்டையைக் கழற்றி வேறொரு கருவியில் இட்டுப் படிக்க வேண்டும்.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ளுதல் நலம். புளூடூத் அலைகள் சாதாரணமாகப் பத்து மீட்டர் தூரத்துக்குள் அடங்குபவை. 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில், தனி லைசென்சு ஏதும் தேவையின்றி, இரு கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் முறை அது. மேசையின் இப்புறத்திலிருந்து அப்புறம் செல்லும் படம் கம்பெனியின் கோபுரத்துக்குப் போவதே இல்லை. ஆகவே கம்பெனியின் வலையமைப்புக்கு இதனால் சுமை கூடியது என்று சொல்ல இடமில்லை. பாதுகாப்புக்காகவும் மோசடியைத் தடுப்பதற்காகவுமே வழியை அடைத்ததாகக் கம்பெனி கூறியது. புளூடூத் முறையில் அக்காலத்தில் பாதுகாப்புக் குறைகள் இருந்தது உண்மையே. எனினும், கட்டணம் உள்ள வழி திறந்தும் கட்டணம் இல்லாத வழி அடைந்தும் இருந்ததை வாடிக்கைக்காரர்கள் கவனிக்கத் தவறவில்லை. 2005-ஆம் ஆண்டில் கலிபோர்னியாக் கோர்ட்டில் அவர்கள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. கம்பெனி சமரசத்துக்கு இணங்கிற்று. அபராதமின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவோ, 25 டாலர் வரவு பெற்றுக்கொள்ளவோ வாடிக்கைக்காரருக்கு வழி செய்யப்பட்டது.

இருப்பிடம் அறியும் வசதிக்கும் இதே கதி நேர்ந்தது. விண்கோள்களின் சமிக்ஞையை ஏற்று இடத்தைக் கணிக்கும் பகுதி சில பிளாக்பெர்ரி கருவிகளில் இருந்தும், கம்பெனி மாதந்தோறும் ஏறத்தாழப் பத்து டாலர் பெற்று நடத்திய வழிகாட்டிச் சேவைக்கு மட்டுமே சில காலம் அது பயன்பட்டது. விண்கோள்களோ அமெரிக்க அரசாங்கத்துக்குச் சொந்தமானவை; அவற்றின் சமிக்ஞை உலகோர் அனைவருக்கும் இலவசம்.

பூட்டு எங்கே இருக்கிறது?

இத்தகைய தடை எதுவும் கருவியின் உறுப்பை வெட்டி நீக்குவதால் நிகழ்வதன்று. ஒரே மாதிரிக் கைப்பேசி ஒரு நாட்டில் எல்லா வசதிகளோடும் மற்றொரு நாட்டில் சில வசதிகள் குறைந்தும் விற்கப்படுவதற்குக் காரணம் மென்பொருளே. சிம் அட்டையைச் செருகியவுடன், அதில் பதிந்துள்ள நாட்டு எண்ணையும் கம்பெனி எண்ணையும் கைப்பேசி படிக்கிறது. இந்தியாவுக்கு 404, 405 என்னும் எண்கள் வழங்கப்பட்டுள்ளன. இவ்வெண்களைக் கொண்டு, எந்தக் கம்பெனிக்கு எந்த வசதியைத் திறப்பது, எதை மூடுவது என்னும் அட்டவணையைக் கருவி தன்னுள்ளே பார்த்துக்கொள்கிறது. திரையில் ஒரு வசதியின் பெயரே தோன்றாமல் போவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

கருவி தயாரிப்பவர் இதற்கு உடன்படுவது ஏன்? இங்கேதான் வாணிபத்தின் நிலைமை தெரிய வேண்டும். அமெரிக்காவில் நெடுங்காலம் கைப்பேசிகளை மொத்தமாக வாங்கியவை சேவைக் கம்பெனிகளே. அவை விலையில் ஒரு பகுதியைத் தாமே ஏற்று, இரண்டாண்டு ஒப்பந்தத்தின் பேரில் பொதுமக்களுக்கு விற்றன. ஆகவே தயாரிப்பாளரின் உண்மையான வாடிக்கைக்காரர் கம்பெனிதான். எந்த வசதி இருக்கலாம், எது கூடாது என்பதைக் கம்பெனி தன் கொள்முதல் நிபந்தனையில் எழுதிவிடும். கொலம்பியாப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையில் இந்நிலைமையை விரிவாக ஆராய்ந்து, கம்பித் தொலைபேசிக்கு ஏற்கெனவே வகுக்கப்பட்ட நெறி கைப்பேசிக்கும் வேண்டும் என்று வாதித்தார். அந்த நெறி என்ன என்பது சுவையான கதை.

ஒரு குவளையும் ஒரு தொட்டிலும்

அமெரிக்காவில் தொலைபேசிச் சேவையின் பெரும் பகுதியைப் பல தலைமுறைகள் வரை ஏ.டி. அண்டு டி. என்னும் ஒரே ஸ்தாபனம் நடத்தி வந்தது. வீட்டில் இருந்த தொலைபேசிக் கருவியும் அதற்கே சொந்தம். வெளியார் செய்த எப்பொருளையும் அதோடு இணைக்கக் கூடாது என்பது விதி. 'ஹஷ்-ஏ-போன்' என்பது, பேசும் வாய்ப்பகுதியின் மேல் மாட்டக்கூடிய குவளை போன்ற ஒரு சாதனம். பேசுவது அருகில் உள்ளவர் காதில் விழாதிருக்கவும், அறையின் இரைச்சல் தொலைபேசியில் புகாதிருக்கவும் அது உதவிற்று. அதில் மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ அதே பயன்தான். இதுவும் விதிக்கு விரோதம் என்று ஸ்தாபனம் கூறிற்று. கூட்டாட்சித் தகவல் தொடர்புக் கமிஷனும் அதை ஒப்புக்கொண்டது. 1956-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டுக் கோர்ட்டு அம்முடிவைத் தள்ளிவிட்டது. பொதுமக்களுக்குத் தீங்கு விளையாதவரை, தமக்கு நன்மை தரும் முறையில் தொலைபேசியைப் பயன்படுத்திக்கொள்ளச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம்.

அடுத்து வந்தது டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் அமைத்த 'கார்ட்டர்போன்'. எண்ணெய்க் கிணறுகளிலும் மாட்டுப் பண்ணைகளிலும் வேலை செய்தோரிடம் இருவழி ரேடியோக் கருவிகள் இருந்தன. ஆனால் அவற்றிலிருந்து நகரத்துத் தொலைபேசிக்குப் பேச இயலாது. கார்ட்டர் தொட்டில் போன்ற ஓர் அமைப்பைச் செய்தார். தலைமை நிலையத்தில் உள்ளவர் தொலைபேசியின் கைப்பிடியை அத்தொட்டிலில் வைப்பார். தொலைபேசியில் வரும் குரலைத் தொட்டிலில் உள்ள ஒலிவாங்கி ஏற்று ரேடியோவுக்குத் தரும். ரேடியோவில் வரும் குரலை ஒலிபெருக்கி தொலைபேசிக்குத் தரும். குரல் எழுந்தவுடன் ரேடியோ தானாகவே அனுப்பும் நிலைக்கு மாறும். தொலைபேசிக் கம்பியோடு மின் இணைப்பே கிடையாது. 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 3,500 கருவிகள் விற்பனையாயின. இதைப் பயன்படுத்துவோரின் சேவை துண்டிக்கப்படலாம் என ஸ்தாபனம் எச்சரிக்கவே, கார்ட்டர் வழக்காடினார். கமிஷன் 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத எக்கருவியையும் தடுக்கும் விதி நியாயமற்றது; தீங்கு உண்டெனில் அதைக் கம்பெனியே காட்ட வேண்டும் என்பது இதனால் நிலைபெற்றது.

இதன் விளைவு, கார்ட்டரின் கருவியைவிட மிகப் பெரியது. 1970-களில் கருவிகளைப் பதிவு செய்யும் ஒழுங்கு ஏற்பட்டது. அதன் பின்னர் செய்தியைப் பதிந்து வைக்கும் கருவி, தொலைநகல், கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் மோடம் ஆகியவற்றை எவரும் செய்து எவரும் வாங்கிச் செருகலாம் என்ற நிலை வந்தது. வீடுகளில் இணையம் முதன்முதலில் பரவியது அந்த மோடம் வழியேதான்.

வலையைத் தொடும் வசதி: இணைப்புப் பகிர்வு

புளூடூத்துக்கும் விண்கோள் சமிக்ஞைக்கும் கம்பெனியின் வலையமைப்போடு தொடர்பில்லை. ஆனால் கைப்பேசியின் இணையத் தொடர்பைக் கணினியோடு பகிரும் வசதி அப்படிப்பட்டதன்று. இதை ஆங்கிலத்தில் 'டெதரிங்' என்கிறார்கள். மாட்டை முளையில் கயிற்றால் கட்டுவதைக் குறிக்கும் சொல் அது. மொழிபெயர்ப்போருக்குச் சங்கடம் தரும் சொற்களில் இதுவும் ஒன்று. இங்கே இணைப்புப் பகிர்வு என்று வழங்குவோம்.

கணினியில் செலவாகும் தகவல் கைப்பேசியில் செலவாவதைவிட மிகுதி. ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அங்குள்ளோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்வதால், ஒருவர் அதிகமாக எடுத்தால் மற்றவருக்குக் குறையும். ஆகவே கம்பெனிகள் இதற்குத் தனிக் கட்டணம் கேட்டதில் ஓரளவு நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்ளவே வேண்டும்; அளவற்ற இணையம் என்னும் திட்டத்தில் இருந்தவரைப் பொறுத்த மட்டில் அது சரியே. ஆனால் மாதம் இவ்வளவு தகவல் என்று அளந்து விற்கும் திட்டத்தில், விலை கொடுத்து வாங்கிய அளவைத் திரையில் செலவிட்டால் என்ன, கணினியில் செலவிட்டால் என்ன? குடம் தண்ணீருக்குக் காசு வாங்கியவர், அது குடிப்பதற்கா குளிப்பதற்கா என்று கேட்பது பொருந்தாது.

ஆப்பிள் கம்பெனி 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐபோன் கருவிக்கு இவ்வசதியைத் தந்தது. பல நாடுகளில் உடனே பயன்பட்ட இவ்வசதி, அமெரிக்காவில் ஐபோனை விற்று வந்த ஏ.டி. அண்டு டி. கம்பெனியின் வாடிக்கைக்காரருக்கு ஓராண்டு கழித்தே, மாதம் 20 டாலர் மேல்கட்டணத்தோடு கிடைத்தது.

கைப்பேசி வழியே கணினி இணையத்தைப் பயன்படுத்துவதைக் கம்பெனி எவ்வாறு கண்டுபிடிக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். முறைகள் பல உண்டு. வகுப்பில் விளக்கத்தக்க ஒன்றை மட்டும் கூறுவோம். இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். பொட்டலம் ஒவ்வொரு வழிப்படுத்தும் கருவியைத் தாண்டும்போதும் அவ்வெண்ணில் ஒன்று குறைக்கப்படும். பூஜ்யம் ஆகிவிட்டால் பொட்டலம் தள்ளப்படும். வழி தவறிய பொட்டலங்கள் முடிவின்றிச் சுற்றாதிருக்கவே இந்த ஏற்பாடு. பல கைப்பேசிகள் இவ்வெண்ணை 64 என்று தொடங்குகின்றன. விண்டோஸ் கணினிகள் 128 என்று தொடங்குகின்றன. கைப்பேசியே அனுப்பிய பொட்டலம் கம்பெனியின் வாசலை 64 என்ற எண்ணோடு அடையும். கணினி அனுப்பியதோ, இடையில் கைப்பேசியைத் தாண்டி வருவதால், 127 அல்லது 63 என்ற எண்ணோடு வரும். இந்த ஒன்றின் குறைவே காட்டிக்கொடுத்துவிடும். வழி தவறிய பொட்டலத்துக்காக ஏற்பட்ட எண், கட்டண வசூலுக்குச் சாட்சியாகவும் ஆயிற்று.

சட்டம் எழுதிய ஒரு நிபந்தனை

இவ்விஷயத்தில் அமெரிக்கக் கமிஷன் செய்த மிகத் தெளிவான காரியம் ஓர் ஏல நிபந்தனை. தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து விடுபட்ட 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2008-ஆம் ஆண்டில் ஏலம் விட்டபோது, அதில் 'சி' தொகுதி என்னும் பகுதிக்கு மட்டும் கமிஷன் முன்னதாகவே ஒரு விதியை வகுத்தது. அத்தொகுதியைப் பெறுபவர், வாடிக்கைக்காரர் தாம் விரும்பும் கருவியையும் செயலியையும் பயன்படுத்துவதைத் தடுக்கலாகாது. தாம் விற்கும் கைப்பேசியில் உள்ள வசதிகளைச் செயலிழக்கச் செய்யலாகாது. வேறு கம்பெனியின் வலையில் இயங்காதபடி கருவியைப் பூட்டவும் ஆகாது. அத்தொகுதியின் பெரும்பகுதியை ஏறத்தாழ 470 கோடி டாலருக்கு வென்றது, முன்னே சொன்ன வெரைசான் கம்பெனியே.

சில ஆண்டுகளில் விதிக்குச் சோதனை வந்தது. இணைப்புப் பகிர்வுக்குக் கம்பெனி மேல்கட்டணம் வாங்கிற்று. அக்கட்டணமின்றி அதே வேலையைச் செய்யும் செயலிகளைத் தன் வாடிக்கைக்காரர் பெறாதபடி தடுக்குமாறு, ஆண்ட்ராய்டு செயலிகளுக்குரிய அங்காடியைக் கம்பெனி கேட்டுக்கொண்டது என்று 2011-இல் கமிஷனிடம் புகார் சென்றது. விசாரணை 2012-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி உடன்படிக்கையில் முடிந்தது. கம்பெனி 12 லட்சத்து 50 ஆயிரம் டாலரைக் கருவூலத்தில் செலுத்தவும், அளந்து விற்கும் திட்டத்தில் உள்ளோர் மேல்கட்டணமின்றி இச்செயலிகளைப் பயன்படுத்த விடவும் இணங்கிற்று.

விதியின் வலிமையைப் போலவே அதன் குறுகிய எல்லையையும் காணலாம். அதே 2012-ஆம் ஆண்டில் ஏ.டி. அண்டு டி. கம்பெனி, ஐபோனில் முகம் பார்த்துப் பேசும் 'பேஸ்டைம்' வசதியைத் தன் வலையில் பயன்படுத்த, குறிப்பிட்டதொரு புதிய கட்டணத் திட்டத்தில் சேர வேண்டும் என்றது. அக்கம்பெனி 'சி' தொகுதியின் நிபந்தனைக்கு உட்பட்டதன்று. வாடிக்கைக்காரர் தாமே இறக்கிக்கொள்ளும் செயலிகளுக்கு வேண்டுமானால் இணையச் சமத்துவ விதிகள் பொருந்தலாம். கருவியோடு உடன்வந்த வசதிக்குப் பொருந்தா என்பது அதன் வாதம். உள்ளேயே இருக்கும் வசதிக்கு வெளியிலிருந்து வரும் செயலியைவிடக் குறைந்த உரிமை என்றால் வாங்கியவர் வியப்படைவது இயல்பே. பொதுநல அமைப்புகள் புகார் செய்ய முற்படவே, கம்பெனி அவ்வாண்டு நவம்பர் முதல் படிப்படியாகத் தடையைத் தளர்த்திற்று.

வலையைத் தொடாத வசதி: பண்பலை ரேடியோ

மேற்கூறியவற்றில் நஷ்டம் பெரும்பாலும் பணமே. ரேடியோவின் விஷயம் அவ்வளவில் நிற்பதில்லை.

கைப்பேசிகளில் வை-பை, புளூடூத் ஆகியவற்றுக்குரிய சிலிக்கன் சில்லிலேயே பண்பலை ஏற்பியையும் சேர்த்துச் செய்வது பல ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ளது. அதற்கு வேண்டியது ஏரியல் மட்டுமே. பண்பலை ஒலிபரப்பு 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நடைபெறுகிறது. அந்த அலையின் நீளம் 3 மீட்டர். அதன் கால் பங்காகிய 75 சென்டிமீட்டர் அளவுள்ள கம்பி நல்ல ஏரியல் ஆகும். கைப்பேசிக்குள் இவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. ஆகவே, காதில் மாட்டும் ஒலிக் கருவியின் கம்பியையே ஏரியலாகக் கொள்ளும் உத்தியைக் கையாண்டார்கள். ரேடியோ கேட்க வேண்டுமானால் காதுக் கம்பியைச் செருகுக என்று கருவி கேட்பதன் காரணம் இதுவே.

சில்லில் ஏற்பி இருந்தும் அமெரிக்காவில் விற்ற பெரும்பாலான கருவிகளில் அது திறக்கப்படவில்லை. இணையத்தின் வழியே பாட்டுக் கேட்டால் தகவல் செலவாகும், அதனால் வருமானம் உண்டு, ஆகவே கம்பெனிகள் ரேடியோவை விரும்பவில்லை என்று ஒலிபரப்பாளர்கள் குற்றம் சாட்டினார்கள். அவ்வசதியைக் கேட்பார் இல்லை என்று எதிர்த்தரப்பினர் கூறினர். ஒலிபரப்பாளர்களுக்கும் இதில் சுயலாபம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டில் ஸ்பிரின்ட் கம்பெனி ஏற்பிகளைத் திறக்க இசைந்தது ரேடியோத் தொழிலார் பணம் தர முன்வந்த பின்னரே. 2015-ஆம் ஆண்டில் ஏ.டி. அண்டு டி., டி-மொபைல் ஆகியவையும் இசைந்தன.

2017 செப்டம்பர் 20-ஆம் தேதி மரியா என்னும் சூறாவளி போர்ட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கியது. மறுநாள் அத்தீவின் கைப்பேசிக் கோபுரங்களில் 95 சதவீதத்துக்கு மேல் இயங்கவில்லை என்று கமிஷன் அறிவித்தது. கையில் கைப்பேசி இருந்தும், நிவாரணம் எங்கே கிடைக்கும், குடிநீர் எங்கே வரும் என்பதை அதன் வழியே அறிய மக்களுக்கு இயலவில்லை. ஒரு கோபுரம் சில கிலோமீட்டர்களுக்கே பயன்படும். அதற்கு மின்சாரமும், தலைமை நிலையத்தோடு கம்பி அல்லது நுண்ணலைத் தொடர்பும் வேண்டும். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் அது ஊமையாகும். ரேடியோ நிலையமோ ஒரு டீசல் மின்னாக்கியைக் கொண்டு பல கிலோமீட்டர் சுற்றளவுக்குச் செய்தி சொல்லும். எத்தனை லட்சம் பேர் கேட்டாலும் அதற்கு நெரிசல் என்பது இல்லை. அம்மாத இறுதியில் கமிஷனின் தலைவர் அஜித் பை, ஐபோனில் உள்ள பண்பலை ஏற்பிகளைத் திறந்துவிடுமாறு ஆப்பிள் கம்பெனியைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். ஐபோன் 7, 8 ஆகிய மாதிரிகளில் அத்தகைய ஏற்பியும் இல்லை, அதற்குரிய ஏரியலும் இல்லை என்று கம்பெனி விடையளித்தது. காதுக் கம்பி செருகும் துளையும் ஐபோன் 7-லிருந்து நீக்கப்பட்டுவிட்டது. நெடுங்காலம் பூட்டி வைத்த அறையைத் திறக்கச் சென்றபோது, அறையே இடிக்கப்பட்டிருந்தது போல் ஆயிற்று.

பண்பலை ஏற்பி இருந்திருந்தால் எல்லாம் நலமாயிருக்கும் என்று சொல்வதும் மிகையாகும். ரேடியோக் கம்பங்களும் புயலில் சாய்வதுண்டு. மரியாவுக்குப் பின் விடாது ஒலித்து மக்களுக்கு உதவியதாகப் பெயர் பெற்ற வாபா ரேடியோ மத்திய அலையில் இயங்குவது. கைப்பேசியின் ஏற்பி மத்திய அலையைப் பிடிப்பதில்லை. மின்கலத்தில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கடலோரப் பணியாளர் கைவிடாதிருப்பதே நல்லது.

நம் நாட்டில்

இந்தியாவில் கைப்பேசியை ஒரு கடையிலும் சிம் அட்டையை மற்றொரு கடையிலும் வாங்குவதே பெருவழக்கு. ஆகவே சேவைக் கம்பெனிகளின் பூட்டு இங்கே அவ்வளவாக வேரூன்றவில்லை. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 2003-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய சி.டி.எம்.ஏ. கருவிகள், விற்ற கம்பெனியின் சேவையோடு பிணைக்கப்பட்டிருந்தன. 2017-இல் அறிமுகமான ஜியோபோன், அக்கம்பெனியின் சிம் அட்டையை மட்டுமே ஏற்கும்படி அமைந்தது. குறைந்த விலைக்குக் கருவி கிடைத்ததற்கு ஈடாக இதை வாங்கியோர் ஏற்றுக்கொண்டனர். அது தெரிந்து செய்த பேரம்.

வசதி உள்ளே இருந்தும் பயன்படாத நிலை வேறு காரணங்களாலும் வரலாம் என்பதற்கு நம் நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி 5ஜி சேவை தொடங்கியபோது, அதற்கேற்ற ஐபோன்களை ஏற்கெனவே வாங்கியிருந்தவர்கள் அதைப் பயன்படுத்த முடியவில்லை. நம் கம்பெனிகளின் வலையில் சோதனை முடிந்து மென்பொருள் திருத்தம் வரும் வரையில், அதாவது டிசம்பர் மாதம் வரையில், அவர்கள் காத்திருந்தார்கள். விரைந்து திருத்தம் வெளியிடுமாறு அரசாங்கம் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. வை-பை வழியே சாதாரண அழைப்புகளைப் பேசும் வசதியும் இத்தகையதே. 2019 டிசம்பரில் ஏர்டெல் கம்பெனியும் அடுத்த மாதம் ஜியோ கம்பெனியும் இதைத் தொடங்கியபோது, குறிப்பிட்ட சில கைப்பேசி மாதிரிகளுக்கு மட்டுமே வழி திறந்தன. இவற்றைப் பூட்டு என்று சொல்வதைவிடச் சோதனைக்கான தாமதம் என்பதே பொருந்தும். தாமதம் என்றேனும் முடியும்; பூட்டுக்கு விலை கேட்பார்கள். வேறுபாடு அவ்வளவே.

பண்பலை ரேடியோவைப் பொறுத்தவரை நம் அரசாங்கம் தெளிவான நிலையை மேற்கொண்டுள்ளது. சென்னையில் 1977-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதன்முதலாகத் தொடங்கிய பண்பலை ஒலிபரப்பு இன்று நாடெங்கும் பரவியிருந்தும், அதைப் பிடிக்கும் கைப்பேசிகள் குறைந்து வந்தன. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-ஆம் ஆண்டில் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு ஓர் அறிவுரையை அனுப்பியது. பண்பலை ஏற்பி உள்ள கைப்பேசிகளில் அதைச் செயலிழக்கச் செய்யாமல் இயங்கும் நிலையிலேயே வைக்க வேண்டும். ஏற்பி இல்லாதவற்றில் அதைச் சேர்க்கலாம் என்பது அதன் கருத்து. பேரிடர்க் காலத்தில் ரேடியோவின் பயனையே அது முக்கிய காரணமாகக் காட்டிற்று. இது அறிவுரையே அன்றிச் சட்டமன்று.

அதே ஆண்டில் தொலைத்தொடர்புத் துறை, ஒரு வட்டாரத்தில் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே சமயத்தில் உரத்த ஒலியோடு எச்சரிக்கை அனுப்பும் முறையைச் சோதித்ததை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். சோதனைச் செய்தி திடீரென ஒலித்து அநேகரைத் திடுக்கிடச் செய்தது. புயல் வருமுன் எச்சரிக்க அது சிறந்த முறை. ஆனால் அது கோபுரத்தின் வழியே வருவது. 2019 மே 3-ஆம் தேதி பானி புயல் பூரி அருகே கரை கடந்தபின் ஒரிசாவின் கடலோரத்தில் கைப்பேசிச் சேவை பல நாள் சீர்குலைந்திருந்ததைப் போன்ற நிலையில், புயலுக்குப் பிந்திய செய்தியைத் தர அம்முறையால் இயலாது. அந்த நாட்களுக்குத்தான் ரேடியோ வேண்டும்.

தம் கைப்பேசியில் ஏற்பி உண்டா என்று அறிய விரும்பும் பணியாளர், சிம் அட்டையைக் கழற்றி, வை-பை, புளூடூத் ஆகியவற்றை அணைத்துவிட்டு, கம்பியுள்ள காதுக் கருவியைச் செருகிக் கைப்பேசியோடு உடன்வந்த ரேடியோச் செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். அந்நிலையிலும் உள்ளூர் நிலையம் ஒலித்தால் அது உண்மையான ஏற்பி. சிம் அட்டையின்றி ஒலிக்க மறுத்தால் அது ரேடியோவின் பெயரைத் தாங்கிய இணையச் செயலியே. கோபுரம் விழுந்தால் அதுவும் விழும். புதிய கருவி வாங்கும்போது கடையிலேயே இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். கம்பியில்லாக் காதுக் கருவிகள் பெருகிவிட்ட இந்நாளில், பழைய கம்பிக் கருவி ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருப்பது இதற்கு அவசியம். ஆசிரியர்கள் அதன் கம்பியை மாணவர்களைக் கொண்டு அளக்கச் செய்து, அலைநீளத்தின் கால் பங்காகிய 75 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டுக் காட்டலாம். கம்பியைச் சுருட்டி வைத்தும் நீட்டிப் பிடித்தும் ஒலி எவ்வாறு மாறுகிறது என்பதை வகுப்பு முழுவதும் கேட்கலாம்.